20 நிமிட சுற்றுலா, 4 வயதுப் பையன், ஒரு சட்டம்... சாப்ளினின் ‘எ டேய்ஸ் பிளஷர்’ சொல்லும் கதை!

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் கிளம்பிப் பாருங்கள். மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும் பின்சீட்டில் ஒரு குழந்தை திடீரென அமைதியாகிவிடும். அம்மா கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுப்பார். அப்பா “இதோ வந்தாச்சு” என்பார். வந்திருக்காது. மேலே போனால் படகுக்குழாமில் கூட்டம், பீமன் அருவியில் வழுக்கல். இறங்கும்போது யாராவது ஒருவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். ஜவ்வாது மலை கோடை விழாவுக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இதெல்லாம் பழகிய கதைதான்.

இந்தக் கதையை 1919-லேயே சார்லி சாப்ளின் படமாக எடுத்துவிட்டார். படத்தின் பெயர் ‘எ டேய்ஸ் பிளஷர்’. ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும் மௌனப் படம். அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். ஒருநாள் ஜாலியாகச் சுற்றிவிட்டு வரலாம் எனக் கிளம்புகிறார்கள். அவ்வளவுதான் கதை.

முதலில் ஃபோர்டு கார் ஸ்டார்ட் ஆகாது. உதறும், குலுங்கும், நின்றுவிடும். ஒருவழியாகத் துறைமுகம் போய் உல்லாசப் படகில் ஏறினால், அலையில் எல்லோருக்கும் குமட்டல். வாசிக்க வந்த இசைக்குழுவுக்கே தலை சுற்றுகிறது! படத்தின் உச்சம், மடக்கு நாற்காலியோடு சாப்ளின் நடத்தும் யுத்தம். எந்தப் பக்கம் விரித்தாலும் அது நாற்காலியாக மாற மறுக்கிறது. கல்யாண மண்டபத்தில் மடக்கு நாற்காலியில் விரலை நசுக்கிக்கொண்டவர்கள் அந்தக் காட்சியில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்கள். திரும்பும் வழியில் நாற்சந்தியில் தார் கொட்டி, சாப்ளினும் போலீஸ்காரரும் அதில் ஒட்டிக்கொள்வது தனிக் கூத்து.

சாப்ளினின் சிறந்த படங்களில் ஒன்று என்று இதைச் சொல்ல முடியாது. அவருக்கே இதில் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. அப்போது அவர் மனமெல்லாம் ‘தி கிட்’ படத்தில் இருந்தது. அந்தப் படம் இழுத்துக்கொண்டே போக, விநியோகம் செய்த ஃபர்ஸ்ட் நேஷனல் நிறுவனம் புதுப்படம் கேட்டு நெருக்கியது. பாதியில் கிடந்த ஒரு பிக்னிக் கதையைத் தூசு தட்டி முடித்துக் கொடுத்தார். 1919 டிசம்பரில் வெளியானது.

ஆனாலும் இந்தப் படத்தை இன்று தேடிப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. அந்த இரண்டு பையன்களில் ஒருவன் ஜாக்கி கூகன். 1914 அக்டோபரில் பிறந்தவன், படப்பிடிப்பின்போது நான்கைந்து வயது. தந்தையின் நடன நிகழ்ச்சியில் மேடையேறிக் கலக்கிய அவனை, லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கு ஒன்றில் பார்த்து வியந்தார் சாப்ளின். அந்த ஜூலையில்தான் சாப்ளினுக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றே நாளில் இறந்திருந்தது. 1921-ல் ‘தி கிட்’ வெளியாக, சாப்ளினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தச் சிறுவன் உலகப் புகழ் பெற்றான். பொம்மைகளில்கூட அவன் முகம் வந்தது.

சிரிப்பு இங்கே முடிகிறது. குழந்தை நட்சத்திரமாக ஜாக்கி சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் என்று கணக்கிடப்படுகிறது. 1935-ல் கார் விபத்தில் தந்தை இறந்தார். அதே வருடம் 21 வயதான ஜாக்கி தன் பணத்தைக் கேட்டபோது, அம்மாவும் மாற்றுத் தந்தையும் கையை விரித்தார்கள். மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே என்றது அன்றைய கலிஃபோர்னியா சட்டம். 1938-ல் பெற்ற தாய்மீதே வழக்குப் போட்டார் ஜாக்கி. கடைசியில் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர்.

ஊரே கொதித்தது. 1939-ல் குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. ‘கூகன் சட்டம்’ என்றே அதற்குப் பெயர். ஓட்டைகள் நிறைய இருந்ததால் பிறகு திருத்தினார்கள். இப்போது அங்கே வருமானத்தில் 15 சதவிகிதம் குழந்தையின் பெயரில் தனிக் கணக்குக்குப் போக வேண்டும்.

அதே 1930-களில் இங்கே பேபி சரோஜா. ‘பாலயோகினி’ (1937), ‘தியாகபூமி’ (1939) எனப் பெரியப்பா முறை உறவான கே.சுப்ரமணியம் இயக்கத்தில் நடித்து, ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ எனக் கொண்டாடப்பட்டவர். பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்த காலம் அது. ஆனால், குழந்தை நடிகர்களின் வேலை நேரம், வருமானம் பற்றிய தெளிவான விதிகள் நம் நாட்டில் வந்தது 2017-ல்தான். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். சதவிகிதக் கணக்கில் கலிஃபோர்னியாவைவிட நாம் ஒரு படி மேல்!

இதெல்லாம் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். வீட்டு ஹாலில் அப்பாவே கேமரா, அம்மாவே இயக்கம், பிள்ளையே ஹீரோ என ஓடும் யூடியூப் சேனல்களில் யார் யாருக்கு வைப்புக் கணக்கு தொடங்குவது? ஜாக்கியின் வழக்கிலும் எதிர்த்தரப்பில் நின்றது ஸ்டூடியோ அல்ல, சொந்த வீடு.

அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடும் வழக்கம் தமிழகத்தில் 2022-லிருந்து இருக்கிறது. ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்கு ‘எ டேய்ஸ் பிளஷர்’ நன்றாகவே பொருந்தும். வசனம் இல்லை, இடையில் வரும் ஓரிரு அட்டை வரிகளை ஆசிரியர் தமிழில் சொல்லிவிடலாம். நூறாண்டு தாண்டிய அந்த மௌனப் படத்துக்குக் காப்புரிமைச் சிக்கலும் இல்லை. ஒரே பீரியடில் படத்தைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் கேட்டால் நாற்காலிக் காட்சியை இன்னொரு முறையும் ஓட்ட நேரம் இருக்கும். கேட்பார்கள்.