மோட்டாரில் எரிவது செம்பு அல்ல

வோல்டேஜ் குறைந்த நேரத்தில் பம்புசெட்டை விடாமல் ஓட்டினால், "காயில் போச்சு" என்பார் வைண்டிங் கடைக்காரர். செம்புக் கம்பியே எரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் செம்பு உருகவே 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். கருகுவது அதன் மேல் பூசியிருக்கும் எனாமல்.

பார்வைக்கு வெறுங்கம்பி மாதிரி இருந்தாலும் வைண்டிங் கம்பிக்கு மெல்லிய மேற்பூச்சு உண்டு. ஒட்டி ஒட்டிச் சுற்றிய கம்பிகளுக்குள் மின்சாரம் தாவிவிடாமல் காப்பது அதுதான். பெரும்பாலான மோட்டார்களில் இந்தக் காப்பு தாங்குவது 130 அல்லது 155 டிகிரி வரைதான். வோல்டேஜ் குறைந்தால், அதே பளுவை இழுக்க மோட்டார் அதிக ஆம்பியர் எடுக்கும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்கு. சூடேறச் செம்பின் மின்தடையும் டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். அது மேலும் சூட்டைக் கிளப்பும். தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் எனாமல் மட்டும் போதாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிதான் சுற்றுவார்கள்.

மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளி செம்பைவிடச் சற்றே மேல். ஆனால் வெள்ளியில் காயில் சுற்ற யாருக்குக் கட்டும்? அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம். ஈடுகட்டக் கம்பியைத் தடிமனாக்க வேண்டும். மோட்டாரின் காடிகளில் அதற்கு இடமில்லை. கோபுரங்களில் தொங்கும் மின்கம்பிக்கு இந்த இட நெருக்கடி கிடையாது. அதே வேலைக்கு அலுமினியம் செம்பின் பாதி எடைதான் வரும் என்பதால் அங்கே அதற்கே ராஜ்யம்.

மயிரிழை அளவுக்கு இழுத்தாலும் அறாதது செம்பின் இன்னொரு குணம். 8 மில்லிமீட்டர் கம்பியைச் சிறிது சிறிதாகக் குறுகும் அச்சுத் துளைகள் வழியே இழுத்து மெலிதாக்குவார்கள். இழுக்க இழுக்க அது விறைத்துப்போகும். சூடேற்றினால் மறுபடி இளகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கிய கம்பி ஒடிவதும் இந்த விறைப்பால்தான்.

இத்தனையும் தூய செம்புக்கே பொருந்தும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கான செம்பை 1857-இல் சோதித்த வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, மாதிரிக்கு மாதிரி கடத்துதிறன் பெரிதும் மாறுவதைக் கண்டார். துளி பாஸ்பரஸ் கலந்தாலே கடத்துதிறன் சரிந்துவிடும். அதனால் இன்று மின்பகுப்பு முறையில் 99.9 சதவீதத்துக்கும் மேல் தூய்மையாக்கிய பிறகே கம்பியாக இழுக்கிறார்கள்.

வீட்டு வயரில் எழுதியிருக்கும் 1.5, 2.5, 4 என்பவை உள்ளிருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். விளக்குக்கு 1.5 தாராளம். ஏசிக்குப் பெரும்பாலும் 4 இழுப்பார்கள்.