கடைமடையில் ஒரு டர்பைன்

2012-ல் நாகூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் காரைக்கால் பக்கம் வந்தவர்களுக்கு எல்லை எங்கே என்று சொல்ல போர்டு தேவைப்படவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் என்று கரண்ட் கட்டில் வெந்துகொண்டிருந்த வருஷம் அது. நாகூர் கடைத்தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தமும் மண்ணெண்ணெய்ப் புகையுமாக இருக்கும். வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தெருவிளக்கு எரியும். வாஞ்சூருக்கு எதற்காக ஜனங்கள் எல்லை தாண்டுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வருஷம் மட்டும் டீக்கடையில் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாகத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காரைக்கால் பணக்கார ஊர் என்பதால் அந்த விளக்கு எரியவில்லை. யூனியன் பிரதேசம் என்பதால் நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் போன்ற மத்திய நிலையங்களிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பங்கு உண்டு. ஆள் குறைவு, பங்கு ஓரளவு தாராளம். இன்னொரு காரணம் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறது. அதை ஊரில் பாதிப் பேருக்கு மேல் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முன் கடைமடை என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை, கும்பகோணம் எல்லாம் கடந்து, வழியெல்லாம் மடை மடையாகப் பிரிந்து, மிச்சம் மீதி அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் வருவதுதான் காரைக்காலுக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு என்று எழுதிவைத்தது 7 டி.எம்.சி. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதைத் தொடவில்லை. காகிதத்தில் இருக்கும் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேர்ந்ததா என்பது வருஷா வருஷம் நடக்கிற பஞ்சாயத்து.

கரண்டுக்கும் கடைமடை உண்டு. கம்பி நீள நீள வோல்டேஜ் இறங்கும். வழியில் உள்ள மோட்டார்களும் மில்களும் இழுத்துக்கொண்டது போக, கடைசிக் கம்பத்துக்கு வந்து சேர்வது அழுக்கு மஞ்சளில் மினுங்கும் குண்டு பல்பு வெளிச்சம்தான். அந்தக் காலத்து டியூப்லைட்டில் சோக் உறுமும், ஸ்டார்ட்டர் கண்ணடிக்கும், விளக்கு மட்டும் பிடிக்காது. பம்ப்செட் மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுத்துச் சூடாகி, ‘காயில் போயிடுச்சு’ என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இணைப்பு இருக்கிறதா என்று கணக்கெடுக்க வருகிறவருக்கு இந்த வீடும் ‘ஆம்’தான், டவுனில் ஏசி ஓடுகிற வீடும் ‘ஆம்’தான்.

மேட்டூர்த் தண்ணீரின் பின்னாலேயே மேட்டூர் மின்சாரமும் கிழக்கே வந்தது. அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது, கம்பி திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினத்தை நோக்கி நீண்டது. ஆனால் நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவில் அப்போது இருந்தது செக்போஸ்ட் இல்லை, பிரிட்டிஷ், பிரெஞ்சு என்று இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை. 1954 நவம்பர் 1-ல் காரைக்காலின் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் நிலப்படம் மாறவில்லை. இன்றைக்கும் புதுச்சேரியின் ஒரே மின்துறை, மாஹேவுக்குக் கேரளத்திடமும் ஏனாமுக்கு ஆந்திரத்திடமும் கரண்ட் வாங்குகிறது. காரைக்காலைச் சுற்றி மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். கம்பி யார் நிலத்தின் வழியாக வருகிறதோ அவர் வீட்டில் கோளாறு என்றால் இங்கேயும் கோளாறு.

இப்போது திருமலைராயன்பட்டினத்துக்குப் போகலாம். 1980-களில் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள நரிமணத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் கண்டபோது கூடவே வாயுவும் வந்தது. எண்ணெயை லாரியில் ஏற்றலாம், வாயுவை ஏற்ற முடியாது. குழாயும் வாங்குகிற ஆளும் இல்லாவிட்டால் கொளுத்திவிடுவதுதான் வழி. அந்தக் காலத்தில் நாகூர், நரிமணம் பக்கம் இரவில் வயலுக்குப் போனவர்கள் வானத்தில் ஒரு செந்தழல் ஆடுவதைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தீவட்டிக்குக் கீழே, அடுத்த தெருக் குடிசையில் சிம்னி விளக்கு. பக்கத்தில் பக்கத்தில் இருந்த இந்த இரண்டு சுடர்களையும் சேர்த்து யோசிக்க யாராவது ஒருவர் தேவைப்பட்டார்.

1993-ல் புதுச்சேரி அரசு தனக்கென ஒரு மின்கழகத்தைத் தொடங்கியது. 2000 ஜனவரியில் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் நிலையம் உற்பத்திக்கு வந்தது. நரிமணத்திலிருந்து சைக்கிளில் வந்துவிடலாம், அவ்வளவுதான் தூரம். வேலை செய்யும் விதம் நம் ஊர்ச் சமையலறைச் சிக்கனம்போல இருக்கும். வாயுவை எரித்து வருகிற வேகத்தில் முதல் டர்பைன் சுழலும், அது 22.9 மெகாவாட். அதிலிருந்து வெளியேறும் புகை இன்னும் கொதித்துக்கொண்டிருப்பதால் அதை வீணாக விடாமல் பாய்லருக்குள் விட்டு, அந்தச் சூட்டில் தண்ணீரை நீராவியாக்கி, இரண்டாவது டர்பைனைச் சுற்றி இன்னொரு 9.6 மெகாவாட் எடுக்கிறார்கள். சோறு வடித்த கஞ்சியில் இன்னொரு வேளை.

32.5 மெகாவாட் என்பது தேசியக் கணக்கில் பைசாவுக்குப் பெறாத எண்; காரைக்காலுக்கே அது முழுசாகப் போதாது, மிச்சம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கடைமடையில் ஊன்றிய இயந்திரம் என்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு. வோல்டேஜ் இறங்கிப்போகிற இடத்தில் நின்றுகொண்டு அது தூக்கிக்கொடுக்கிறது. எங்கோ தலைமதகில் ஆயிரம் மெகாவாட் கூடுவதைவிட, வாலில் இப்படி முப்பது மெகாவாட் இருப்பது கடைசி வீட்டு டியூப்லைட்டுக்கு நல்லது.

சிறுமைக்கும் விலை உண்டு. ஒரே ஒரு வாயு டர்பைன். அதைப் பிரித்து மேய்கிற பராமரிப்புக் காலத்தில் மாற்று கிடையாது. வாயுவின் விலையை நிர்ணயிப்பது டெல்லி, அதுவும் டாலரில். 2010-ல் ஒரே உத்தரவில் பழைய வாயு விலை 1.79 டாலரிலிருந்து 4.20 டாலருக்குத் தாவியது. பக்கத்து வயலில் எடுக்கிற வாயுவுக்கும் அதே விலைதான். இங்கிருந்து வடக்கே, திருக்கடையூர்ப் பக்கம் பிள்ளைபெருமாநல்லூரில் 330 மெகாவாட் தனியார் நிலையம் ஒன்று 2001-ல் வந்தது. நாப்தாவும் வாயுவும் எரிப்பதற்கென்று கட்டியது. நாப்தா விலை ஏறும்போதெல்லாம் அந்தக் கரண்ட் வாங்குகிறவருக்குக் கட்டுபடியாகாத சரக்காகிவிடும். பத்து மடங்கு பெரிய நிலையம். ஆனால் எரிபொருள் பக்கத்தில் இருக்கிறதா, எட்டத்தில் இருக்கிறதா என்பதுதான் கடைசியில் பேசியது.

அந்தப் பக்கத்து எரிபொருளுக்கும் இப்போது கேள்வி வந்துவிட்டது. வாயுக் கிணறு தூர்வாரினால் ஊறுகிற கிணறு அல்ல; எடுக்க எடுக்க வற்றும். புதுக் கிணறு தோண்ட வேண்டும். 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியதைப் பார்த்த டெல்டா விவசாயி, ‘போதும்’ என்றார். 2020-ல் தமிழ்நாடு அரசு வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து டெல்டாவில் புதிய எண்ணெய், வாயு ஆய்வுக்குத் தடை போட்டது. காரைக்கால் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. அதன் டர்பைன் எரிக்கிற வாயுவோ அந்தச் சட்டம் செல்லுகிற மண்ணிலிருந்து வருகிறது. என்னைக் கேட்டால் விவசாயி சொன்னது நியாயம். அதே மூச்சில், திருமலைராயன்பட்டினத்து இயந்திரத்துக்கு அடுத்து என்ன என்று இன்றைக்கே உட்கார்ந்து பேசாதது அநியாயம். மேடையில் முதல் வாக்கியத்துக்கு மட்டும்தான் கைதட்டல் கிடைக்கிறது.

இதே கடலுக்கு அந்தக் கரையில் மொசாம்பிக் இருக்கிறது. அங்கே ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே கஹோரா பாசா என்று ஓர் அணை, 2,075 மெகாவாட். போர்த்துகீசியர் காலத்தில் கட்டத் தொடங்கியது. அந்த மின்சாரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கம்பியில் நேராகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. தலைநகர் மபூட்டோ இருக்கும் தென்பகுதி அதைத் தென்னாப்பிரிக்கா வழியாகத் திரும்பப் பெறுகிறது. 2004 முதல் தெமானே வாயு வயலிலிருந்து 865 கிலோமீட்டர் குழாய் ஒன்றும் அதே திசையில் ஓடுகிறது. தண்ணீர் இருக்கிறது, வாயு இருக்கிறது. 2022 கணக்கில் வீட்டில் மின்சாரம் உள்ளவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். நரிமணத்துத் தீவட்டியும் சிம்னி விளக்கும் அங்கே ஒரு தேசத்தின் அளவுக்குப் பெரிதாகி நிற்கின்றன. தெமானேயிலேயே 450 மெகாவாட் நிலையம் கட்டும் வேலையைத் தாமதமாகவேனும் இப்போது எடுத்திருக்கிறார்கள். கிணற்றடியில் டர்பைன் வைக்கும் யோசனை அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

புயலிலும் இரண்டு கரைக்கும் உறவு. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. சேற்று வயலில் இடுப்பளவு இறங்கி, தோளில் கம்பம் சுமந்துபோய் நட்டவர்களை டெல்டா மறக்காது. நாலே மாதம் கழித்து, 2019 மார்ச்சில், இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ராவை அடித்தது. கஹோரா பாசாக் கோபுரங்கள் விழுந்ததில் எங்கோ ஜோகன்னஸ்பர்க்கில் கரண்ட் போனது.

ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. 2030-க்குள் அதில் 30 கோடிப் பேருக்கு இணைப்புத் தருவோம் என்று உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024-ல் அறிவித்தன. நல்ல காரியம். ஆனால் ‘இணைப்பு’ என்ற சொல் எப்படியெல்லாம் வளையும் என்பதில் நமக்கு அனுபவம் அதிகம். 2004-ல் திருத்திய இந்திய விதிப்படி, நூறில் பத்து வீட்டுக்கும் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் மாதிரியான பொது இடங்களுக்கும் கரண்ட் வந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். தலித் குடியிருப்புக்கும் லைன் போக வேண்டும் என்று அதே விதியில் தனியாக எழுதவேண்டியிருந்தது. எழுதாவிட்டால் கம்பி எந்தத் தெருவோடு நின்றிருக்கும் என்று யாருக்கும் தெரியாதா என்ன?

மொசாம்பிக்கில் பெரும்பாலான வீடுகளில் முன்பணம் கட்டி ஓடுகிற மீட்டர். காசு தீர்ந்தால் விளக்கு அணையும்; லைன்மேனோ பீஸ் பிடுங்குகிற சங்கடமோ இல்லை. அதே மீட்டர் பேச்சு எழுந்ததும் புதுச்சேரியில் போராட்டம் கிளம்பியது. 2022 செப்டம்பர் கடைசியில் மின் விநியோகத்தை முழுசாகத் தனியாருக்கு விற்க டெண்டர் விட்டபோது ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊர் இருண்டது, ஜனங்கள் சாலைக்கு வந்தார்கள். ஊழியர் மேல் கோபப்பட்டவர்கள், அரசு மேல் கோபப்பட்டவர்கள், இரண்டு பேர் மேலும் கோபப்பட்டவர்கள் என மூன்று கட்சி.

இதெல்லாம் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாராக வந்து நிற்கிறது. ஐஸ் பிளான்ட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் தகரக் கேன்களை வரிசையாக இறக்கி, அம்மோனியா கம்ப்ரஸரை ஓட்டினால் ஒரு பார் உறைய ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் பார் நடுவில் வெள்ளையாக, பொத்தலாக நிற்கும், உடைக்கும்போது தூளாகிவிடும். படகு கிளம்ப ஐஸ் இல்லை என்றால் அன்றைக்குக் கடல் இல்லை. பிடித்துவந்த மீனுக்கு ஐஸ் இல்லை என்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. அந்தத் தொட்டி ஓரத்தில் நின்று பார்க்கிறவருக்கு மெகாவாட் கணக்கு புரியவேண்டியதில்லை. கம்ப்ரஸர் சத்தம் நின்றால் தூங்குகிறவர்கூட எழுந்துவிடுவார்.

போன தை மாதம் பட்டினச்சேரிப் பக்கம் ஒரு விடியற்காலை. ராத்திரி மூன்று தடவை லைன் டிரிப் ஆகியிருந்தது. காற்று இல்லை, மழை இல்லை. ஷட்டவுன் வாங்கிக்கொண்டு ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறி, பீங்கான் இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்து, ‘தம்பி, பிள்ளைக்கு ஸ்கூல், எப்ப வரும்?’ என்று கேட்டார்கள். ‘வந்துடும்க்கா, இன்னும் ரெண்டு கம்பம்.’ இறங்கியவரிடம் என்ன கோளாறு என்றேன். கடல் காற்றில் நாள்கணக்கில் உப்பு படியும், அதன் மேல் பனி இறங்கினால் ஈரத்தில் கரண்ட் வழிந்து பொறி பறக்கும் என்றார். நான் தலையாட்டிய விதத்தில் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, துணியை நீட்டினார்.

“வேணும்னா நாக்குல வச்சுப் பாருங்க சார்.”

வைத்துப் பார்த்தேன். கரித்தது.