பணக் கவலை மூளையில் எவ்வளவு இடம் பிடிக்கும்?

மாணவர்களே, கீழே இரண்டு வரிசைகள் உள்ளன. ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

5 5 5

2 2 2 2

விடை மூன்று, நான்கு. ஆனால் உங்களில் பலருக்கு ‘ஐந்து’, ‘இரண்டு’ என்பதுதான் முதலில் வாய்க்கு வந்திருக்கும். கண் தானாகப் படித்துவிடுவதை அடக்கி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மூளை கூடுதலாக உழைக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை அளக்க உளவியலார் பயன்படுத்தும் ஸ்ட்ரூப் சோதனையின் ஒரு வகை இது.

இதே வகைச் சோதனையைத் தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள் செய்தார்கள். நடத்தியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் சாவ் ஆகிய நால்வர். இவர்களில் முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியல் அறிஞர். ஆய்வு 2013ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது.

ஏன் கரும்பு விவசாயிகள்? கரும்புப் பணம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. அறுவடை முடிந்தபின் பெருந்தொகையாக வரும். அதை வைத்துத்தான் அடுத்த அறுவடைவரை காலம் தள்ள வேண்டும். ஆகவே அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும். அறுவடைக்குப் பின் கையில் காசு இருக்கும். ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் அது 4 விழுக்காடு.

இதில்தான் ஆய்வின் அழகு இருக்கிறது. ஏழை ஒருவரையும் பணக்காரர் ஒருவரையும் ஒப்பிட்டால், படிப்பு, உணவு, வளர்ந்த சூழல் என்று எல்லாமே வேறுபடும். எது காரணம் என்று சொல்ல முடியாது. இங்கே ஒப்பிடப்பட்டவர் ஒரே மனிதர். மாறியது அவருடைய கைப்பணம் மட்டுமே. உங்கள் அறிவியல் பாடத்தில் ‘மாறி’, ‘மாறிலி’ என்று படிக்கிறீர்களே, அதே முறைதான் இது.

முடிவு என்ன? ஸ்ட்ரூப் சோதனையை முடிக்க அறுவடைக்கு முன் சராசரியாக 146 விநாடி ஆனது. பின்னர் 131 விநாடி போதுமானதாக இருந்தது. பிழைகளும் குறைந்தன. வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனையில் சரியான விடைகளின் சராசரி 4.35இலிருந்து 5.45ஆக உயர்ந்தது.

இரண்டாம் முறை செய்ததால் பழகிப்போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வாளர்களும் அதை யோசித்தார்கள். சில விவசாயிகளை அறுவடைக்குப் பின் மட்டுமே முதன்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். பருவநிலை காரணமாக இருக்குமோ? கரும்பை எப்போது வெட்டுவது என்பதை ஆலைதான் முடிவு செய்கிறது. ஒரே மாதத்தில் ஒருவர் அறுவடையை முடித்திருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். ஆகவே வெயிலும் மழையும் காரணமல்ல.

அப்படியானால் மூளையில் என்ன நடக்கிறது? ஒரு கணக்கை மனத்திலேயே போடும்போது எண்களைப் பிடித்து வைத்துக்கொண்டே கூட்டுகிறீர்கள். இப்படிப் பிடித்து வைத்து வேலை செய்யும் நினைவைச் ‘செயல்நினைவு’ என்கிறார்கள். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களுக்கு மேல் தாங்காது. ‘வாடகைக்கு என்ன செய்வது, கார் தவணைக்கு யாரிடம் கேட்பது’ என்ற எண்ணம் உள்ளே நுழைந்தால் அதுவும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூப்பிடாமலே திரும்பத் திரும்ப வரும். மீதி இடத்தில்தான் மற்ற வேலைகள் நடக்க வேண்டும்.

உடலும் சும்மா இருப்பதில்லை. கவலைப்படும்போது அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ஆபத்தைச் சமாளிக்க இது கொஞ்ச நேரம் உதவும். கவலை மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும், எரிச்சல் கூடும். தூக்கம் கெட்டால் மறுநாள் கவனமும் சிதறும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பத்தினரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிந்தனைத் திறனில் வேறுபாடு எதுவும் அதில் தெரியவில்லை. சில நாள் இழுபறியும் பல மாத இழுபறியும் ஒன்றல்ல என்பது இதற்கு ஒரு விளக்கமாக இருக்கலாம். அறிவியலில் ஓர் ஆய்வோடு வழக்கு முடிவதில்லை.

முல்லைநாதனும் வேறு சில ஆய்வாளர்களும் பிறகு ஒடிசா மாநிலத்தில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். மொத்தக் கூலி எல்லாருக்கும் ஒரே கணக்குதான். சிலருக்கு மட்டும் அதில் ஒரு பகுதி முன்கூட்டியே தரப்பட்டது. அதை வாங்கியவர்களில் பலர் உடனே கடனை அடைத்தார்கள். அதன்பின் அவர்கள் தைத்த தட்டுகளின் அளவு சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது; கவனக்குறைவால் வரும் பிழைகளும் குறைந்தன. கையும் இலையும் அதேதான், மனச்சுமைதான் குறைந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீ கெம்பாங்கானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கரும்புத் தோட்டம் இல்லை. ஆனால் மாதக் கடைசி இருக்கிறது. அடகுக்கடைக்குப் போய் வரும் தாலிச் சங்கிலி இருக்கிறது. ஓவர்டைம் குறைந்தாலோ வேலை போனாலோ மாதக் கடைசி பல மாதங்களுக்கு நீளும். அப்போது அப்பா சின்ன விஷயத்துக்கும் சீறலாம். நீங்கள் மூன்று முறை சொன்ன பள்ளிக்கூட்டத் தேதியை அம்மா மறந்துபோகலாம். அதை அன்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய செயல்நினைவில் இடம் இல்லாமலும் இருக்கலாம்.

பெரிய தவறான முடிவுகளும் இந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகின்றன. நாளைக்குப் பணம் வேண்டும் என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியும். அடுத்த மாத வட்டி தெரியாது. வட்டி முதலைகள் விளம்பரத்தில் ‘உடனடி’ என்ற சொல்லைப் பெரிதாகப் போடுவது இதனால்தான்.

என்ன செய்யலாம்? முதலில், மனத்தில் சுற்றுவதைத் தாளில் இறக்குங்கள். கட்ட வேண்டியது எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எது முதலில் என்று குடும்பமாக உட்கார்ந்து ஒரு பட்டியல் போடலாம். தாள் நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை மூளை சுமக்க வேண்டியதில்லை. உங்கள் பங்கும் அதில் இருக்கட்டும்: பள்ளிக் கட்டணம், பயிற்சி நூல், பேருந்துச் செலவு எல்லாவற்றையும் கடைசி நாளில் சொல்லாமல் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

கடன் கைமீறிப் போயிருந்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ‘ஏகேபிகே’ என்னும் கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாக உதவுகிறது. கடனை எப்படி அடைப்பது என்ற திட்டத்தை அங்கே போட்டுத் தருவார்கள். இதைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்ல நீங்கள் பெரியவராக வேண்டியதில்லை. உங்கள் மனமே பாரமாக இருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரின் கதவைத் தட்டுங்கள்.

வீட்டுக் கவலையோடு தேர்வு எழுதி மதிப்பெண் குறைந்தவர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். ‘எனக்கு மூளை இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விழுப்புரத்து விவசாயிக்கு அறுவடைக்குப் பின் புது மூளை முளைக்கவில்லை. இருந்த மூளைக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.