பார்லிமெண்டு எதிரே 2 லட்சம் சிவப்பு இதயங்கள்: சாயம் வெளுத்தாலும் விடாத தொண்டர்கள்

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அரை கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர். அது நெடுக கையால் வரைந்த சிவப்பு இதயங்கள். ஒரு இதயம் என்றால் கொரோனாவில் போன ஒரு உயிர்.

2021 மார்ச் 29-ந்தேதி உறவினர்களைப் பறிகொடுத்த குடும்பத்தினர் தொடங்கிய வேலை இது. பத்தே நாளில் சுமார் 1½ லட்சம் இதயங்கள் வரைந்து விட்டனர். சாவு எண்ணிக்கை கூடக் கூட, இதயங்களும் 2 லட்சத்தைத் தாண்டின.

சுவருக்குப் பின்னால் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரி. 2020 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனாவுக்கு தீவிர சிகிச்சை பெற்றது இங்குதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்லிமெண்டு. விசாரணை கேட்டுப் போராடிய குடும்பங்கள், சும்மாவா இந்த இடத்தைப் பிடிச்சாங்க?

யாரும் எழுதலாம்

இறந்தவரின் பெயர், தேதி, இரண்டு வரி ஏக்கம்... யார் வேண்டுமானாலும் இதயத்துக்குள் எழுதலாம். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல், இறுதிச்சடங்குக்கும் போக முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தச் சுவர்தான் சமாதி மாதிரி.

ஆனால் முதலில் வரைந்தது மார்க்கர் பேனாவில். வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளுத்து, பெயர்களும் மங்கின. இப்போது தொண்டர்கள் வெள்ளிக்கிழமை தோறும் கூடி, சுவருக்கு அடிக்கும் பெயிண்டால் ஒவ்வொரு இதயமாக மறுபடி பூசி, அழிந்த பெயரைத் திரும்ப எழுதுகிறார்கள்.