விடிந்தும் நிறையாத மின்கலம்

திண்டிவனத்தில் ஒரு வீட்டு வாசலில் மின்சாரக் கார் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு அதை வீட்டிலுள்ள பவர் பிளக்கில் மாட்டினால் காலை 7 மணிக்குள் சார்ஜ் நிறைந்துவிடும். சித்திரை பிறந்ததிலிருந்து அப்படி நடப்பதில்லை. விடிந்து பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான் ஏறியிருக்கிறது. "கார் கெட்டுவிட்டது" என்கிறார் வீட்டுக்காரர். "தெருவில் கரண்ட் சரியில்லை" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். இருவரில் யார் சொல்வது சரி? இதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். 230 வோல்ட், 13 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3,000 வாட், அதாவது 3 கிலோவாட். பத்து மணி நேரத்தில் 30 யூனிட் ஏறும். அழுத்தம் 190 வோல்ட்டாகவும் ஓட்டம் 10 ஆம்பியராகவும் குறைந்துவிட்டால்? 1.9 கிலோவாட்தான். அதே பத்து மணி நேரத்தில் 19 யூனிட் மட்டுமே ஏறும். 30 யூனிட் ஏற 16 மணி நேரம் ஆகும்!

ஆகவே கேள்வி இதுதான்: குறைந்தது வோல்ட்டா, ஆம்பியரா?

வோல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. இப்போதுள்ள மின்மீட்டர்கள் பலவற்றில் யூனிட்டோடு வோல்ட்டும் ஆம்பியரும் மாறி மாறித் தோன்றும். பல கார்களின் திரையிலோ, சார்ஜ் ஏற்றும் பெட்டியிலோ அங்கு வந்து சேரும் வோல்ட் தெரியும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரிலேயே 195 வோல்ட் என்றால் குறை தெருவில் இருக்கிறது. மீட்டரில் 228, காரில் 205 என்றால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. இடையில் காணாமல் போன 23 வோல்ட் எங்கே போயிற்று? சுவருக்குள் ஓடும் கம்பியிலும் சாக்கெட்டிலும் வெப்பமாகப் போயிற்று.

தெருவில் ஏன் குறைகிறது? 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் குறைத்து நமக்கு அனுப்புகிறது. அங்கிருந்து கம்பம் கம்பமாக வரும் கம்பிக்கும் மின்தடை உண்டு. கம்பி நீள நீள, ஓட்டம் கூடக் கூட, கடைசி வீட்டுக்கு வந்துசேரும் அழுத்தம் குறையும். விக்கிரவாண்டி, மயிலம் பக்கத்துக் கிராமங்களில் கரும்புக்கும் மணிலாவுக்கும் நீர் இறைக்கும் மோட்டார்கள் ஓடும்போது விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நகரங்களில் அந்த வேலையைக் கோடைகால ஏ.சி.க்கள் செய்கின்றன. இதில் ஒரு வேடிக்கை: அழுத்தம் குறைந்தால் மோட்டார் சும்மா இருப்பதில்லை, அதே வேலையைச் செய்ய அதிக ஓட்டத்தை இழுக்கிறது. அதனால் அழுத்தம் இன்னும் குறைகிறது.

இந்தத் தொல்லையை நம் ஊர் வழியே ஓடும் ரயில் எப்படிச் சமாளித்தது தெரியுமா? சென்னை கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-ல் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது மேலே சென்ற கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் இருந்தது. 1960-களில் திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை மீட்டர்கேஜ் பாதையை மின்மயமாக்கியபோது 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1,000 கிலோவாட் திறனை 1,500 வோல்ட்டில் அனுப்ப 667 ஆம்பியர் தேவை. 25,000 வோல்ட்டில் 40 ஆம்பியரே போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஜேம்ஸ் ஜூல் 1841-ல் வெளியிட்ட விதி இது. ஆகவே அதே கம்பியில் வீணாவது சுமார் 280 மடங்கு குறைகிறது! நம் வீட்டுக்கு 25,000 வோல்ட் கேட்க முடியாதுதான். ஆனால் விதி ஒன்றே.

அதே விதி உங்கள் வீட்டுச் சுவருக்குள்ளும் வேலை செய்கிறது. மீட்டரிலிருந்து சாக்கெட்டுக்கு 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் அதன் தடை சுமார் 0.3 ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 4 வோல்ட். விளக்குக்கு இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் கம்பியையே நீட்டிப் பவர் பிளக் வைத்திருந்தால் 9 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். கம்பியும் சுடும்.

இன்னும் மோசமானது தளர்ந்த சாக்கெட். பிளக்கின் முள்ளைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்து, அங்கே வெறும் 0.15 ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்ளுங்கள். 13-ஐ 13-ஆல் பெருக்கி 0.15-ஆல் பெருக்குங்கள். 25 வாட்! ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றுக்கோலின் திறன் அது. அந்தப் பற்றுக்கோல் இரவு முழுவதும், எல்லாரும் தூங்கும்போது, பிளாஸ்டிக் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி இதே சாக்கெட்டில் நன்றாகத்தானே வேலை செய்தது என்பார்கள். அது அரைமணி நேரம் ஓடுவது. கார் பத்து மணி நேரம் இழுப்பது.

இப்போது ஆம்பியருக்கு வருவோம். சில கார்களுடன் வரும் பிளக்கில் வெப்பத்தை உணரும் கருவி இருக்கிறது. பிளக் சூடானால் அது ஓட்டத்தைக் குறைத்துவிடும். அதாவது சார்ஜ் மெதுவாக ஏறுவது நோயல்ல, காவல்! அரைமணி நேரம் ஏறியபின் ஸ்விட்சை அணைத்து, பெரியவர் ஒருவரைப் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். முள் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அந்தச் சாக்கெட்டை மறுபடி தொட வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டுப் புதிதாக மாற்றட்டும். நீங்கள் திறந்து பார்க்கவே கூடாது.

சிலர் ஸ்டெபிலைசர் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 190 வோல்ட்டை 230 ஆக்கிக் காருக்கு 3 கிலோவாட் கொடுக்க வேண்டுமானால், அந்தப் பெட்டி வீட்டுக் கம்பியிலிருந்து ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். கம்பியும் சாக்கெட்டும் முன்னைவிடச் சுடும்.

காரிலேயே காரணம் இருப்பதும் உண்டு. யாரோ ஓட்டத்தின் உச்ச அளவைக் குறைத்து வைத்திருக்கலாம். கோடையில் மின்கலத்தைக் குளிர்விக்கவே கொஞ்சம் மின்சாரம் செலவாகலாம். நிறையும் தறுவாயில் கடைசிச் சில சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் பாதியிலேயே மெதுவானால் இந்தக் கடைசிக் காரணம் பொருந்தாது.

ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: நேரம், மீட்டர் வோல்ட், கார் வோல்ட், ஆம்பியர். இரவு 9, 11, காலை 5 மணி என ஒரு வாரம் நிரப்புங்கள். மீட்டர் வோல்ட் 9 மணிக்கு 195, 5 மணிக்கு 225 என்றிருந்தால் நள்ளிரவுக்குமேல் சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம். எதிர்வீட்டு மீட்டரில் எப்போதும் நல்ல அழுத்தம், உங்கள் வீட்டில் மட்டும் குறைவு என்றால், மூன்று முனைகளில் உங்கள் வீடு இணைந்துள்ள முனையில் சுமை கூடியிருக்கலாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு மின்வாரிய அலுவலகத்துக்குப் போங்கள். "கரண்ட் சரியில்லை" என்று சொல்வதைவிட, தேதியும் மணியும் வோல்ட்டும் எழுதிய தாளை நீட்டினால் எங்கே பார்ப்பது என்று லைன்மேனுக்கு உடனே தெரிந்துவிடும்.