கடைவீதியைக் கட்டும்போது நம்மைக் கேட்டார்களா?

பழைய பேருந்து நிலைய வாசலில் வேப்பமரம் அப்படியே நிற்கிறது. அதன் அடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செருப்பு தைத்துக்கொண்டிருந்த பெரியவரைத்தான் காணவில்லை. நிலையத்தை இடித்துவிட்டு, வணிக வளாகத்தோடு புதிதாகக் கட்டும் வேலை நடக்கிறது. சுற்றிலும் தகரத் தடுப்பு. கட்டி முடித்தபின் நிலையம் எப்படி இருக்கும் என்று காட்டும் வண்ணப் படம் அதன்மேல் மாட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடி முகப்பு, கிரானைட் தரை, பூச்செடித் தொட்டிகள். படத்தில் நடமாடும் மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தோம். செருப்பு தைப்பவர் இல்லை. கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மா இல்லை. கூடை, முறம் விற்பவரும் இல்லை.

பெரியவரை இரண்டு தெரு தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியோரம் கண்டோம். "யாரும் ஒண்ணும் சொல்லல தம்பி. காலையில வந்தேன், தகரம் அடிச்சிருந்துச்சு. பெட்டியத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் நம்மை உறுத்தியது.

ஊரின் பெயர் இங்கே முக்கியமல்ல. பேருந்து நிலையமோ தினசரிச் சந்தையோ இடித்துக் கட்டப்படும் பல ஊர்களில் இதே காட்சியைக் காணலாம். ஊரின் நடுப்பகுதியைப் புதுப்பிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மழை பெய்தால் சகதியாகும் சந்தை, பெண்கள் நுழைய முடியாத கழிப்பறை, நிழலில்லாத பேருந்து நிறுத்தம் என்று இவற்றால் அதிகம் அவதிப்படுவது நம் மக்கள்தான். நம் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் படத்தை வரையும்போது யாரைக் கேட்டார்கள்?

கடைவீதி நமக்கு ஏன் பெரிது?

கிராமத்தில் சேரியைச் சேர்ந்த ஒருவர் கடை வைத்தால், பொருளின் விலைக்கு முன்னால் கடைக்காரரின் தெரு விசாரிக்கப்படும். நகரத்துக் கடைவீதியில் கீரை வாங்குகிறவர் "கட்டு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார். நிலமில்லாத குடும்பத்துக்கு விவசாயக் கூலியைத் தவிர வேறு வருமானம் வரும் வாசல் அது. அதிகாலை முதல் பேருந்தில் கூடையை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எந்த நடைபாதையிலிருந்து வருகிறது என்று சொல்வார்கள்.

நகரத்தில் சாதி இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. வாடகைக்குக் கடை கேட்டால் சுற்றி வளைத்துச் சாதி கேட்பவர்கள் அங்கும் உண்டு. மாட்டிறைச்சிக் கடை எப்போதும் ஊரின் கடைசியில், சாக்கடையோரம்தான் இருக்கவேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. கடைவீதியை விடியுமுன் பெருக்கித் தரும் தூய்மைப் பணியாளருக்கு, அதே வீதியில் உடை மாற்றவோ கைகால் கழுவவோ ஓர் அறை இல்லை. ஆனாலும் ஊர்த் தெருவோடு ஒப்பிட்டால் கடைவீதி நமக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்த இடம். அதனால்தான் அங்கே பறிபோகும் ஐந்தடி இடம்கூட நமக்குப் பெரிய இழப்பு.

நடக்கவே போராடிய வரலாறு

அந்த வீதியில் நாம் நடப்பதே ஒரு காலத்தில் சட்டசபைப் பிரச்சினையாக இருந்தது. 1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊரிலும் நகரத்திலும் உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாகவும் வந்தது.

அதே 1924இல்தான் மராட்டியப் பகுதியில் மகாட் நகராட்சி, ஊர் நடுவில் இருந்த சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய்த் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. அதன்பிறகும் வழக்கு நடந்து, 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது.

இரண்டு நிகழ்ச்சிகளும் நமக்குச் சொல்வது ஒரே பாடம். உரிமை காகிதத்தில் வருவது பாதி வேலை. மீதிப் பாதியை நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றும் நம் கையில் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது.

சட்டம் போட்டுவைத்த நாற்காலி

நடைபாதையில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் சொன்னது. கால் நூற்றாண்டு கழித்து, 2014இல், தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு மே 1ஆம் தேதி முதல் அது நடைமுறையில் உள்ளது.

இச்சட்டப்படி ஒவ்வொரு நகர உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். அவர்களை அதிகாரிகள் நியமிக்கக் கூடாது. வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு உரிய பிரதிநிதித்துவம் தரவேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. விற்பனைச் சான்றிதழ் வழங்குவதிலும் இப்பிரிவினருக்கு முன்னுரிமை தர அது இடமளிக்கிறது.

கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. மாற்றியே ஆகவேண்டும் என்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். இடமாற்றம் இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும். தவிர்க்க முடியாதபோது அதைத் திட்டமிடுவதில் பாதிக்கப்படுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளவர்களை மாற்றக் கூடாது. பொருளைப் பறிமுதல் செய்தால், கட்டணம் கட்டிக் கேட்டதும் அழுகும் பொருளை அன்றே திருப்பித் தரவேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு வேலை நாள். மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்பது சட்டத்தின் அளவுகோல். 40 ஆயிரம் பேர் வாழும் ஊர் என்றால் ஆயிரம் வியாபாரிகள்!

வேப்பமரத்தடிப் பெரியவருக்கு 30 நாள் நோட்டீஸ் வரவில்லை. அப்படி ஒன்று வரவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ரயில்வேக்குச் சொந்தமான இடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கீரைக்கார அம்மாவுக்கு எந்தச் சபை?

நகரத் திட்டங்களில் மக்களைக் கேட்க இன்னொரு வழியும் இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போல நகரத்துக்கும் ஒரு சபை வந்தது நல்ல தொடக்கமே.

ஆனால் அதில் ஓர் இடைவெளி உண்டு. பகுதி சபை அந்த வார்டில் குடியிருக்கும் வாக்காளர்களுக்கானது. கடைவீதி வார்டில் குடியிருப்பவர்கள் யார்? பெரும்பாலும் கட்டட உரிமையாளர்களும் நிலையான கடைக்காரர்களும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து தினமும் வந்து கீரை விற்கும் அம்மாவுக்கு அங்கே வாக்கு இல்லை. அவர் ஊர்க் கிராம சபையில் நகரத்துச் சந்தையைப் பற்றிய பேச்சும் வராது. இரண்டு சபைகளுக்கும் நடுவில் அவர் விழுந்துவிடுகிறார்.

வீட்டு முகவரியைப் பார்க்காமல், வியாபாரம் செய்யும் இடத்தை வைத்து அவரைக் கணக்கில் எடுக்கும் மேசை நகர விற்பனைக் குழு. அதனால்தான் அந்தக் குழுவில் இடம்பிடிப்பது கிராமத்துத் தலித் குடும்பங்களுக்கும் முக்கியம் என்கிறோம். கணக்கெடுப்பில் பெயர் இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் குழுத் தேர்தலில் வாக்கும் கைநழுவும். புதிய வளாகம் கட்டியபின் கடைகள் ஏலத்துக்கு வரும்போது, லட்சங்களில் வைப்புத்தொகை கட்டக்கூடியவர்தான் எடுப்பார். பேச வேண்டிய நேரம் ஏலத்தன்று அல்ல. வரைபடம் மேசைக்கு வரும் நாளிலேயே பேசியாக வேண்டும்.

கேட்டுச் செய்தால் நடக்கும்

கேட்டுச் செய்ய முடியுமா என்பவர்களுக்கு ஒடிசாவின் புவனேஸ்வரத்தைக் காட்டலாம். 2014 சட்டம் வருவதற்கு முன்பே அங்கே மாநகராட்சியும் வியாபாரிகள் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து விற்பனைப் பகுதிகளைக் குறித்தன. சாலையும் அடைபடவில்லை, தொழிலும் அழியவில்லை.

சென்னை தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் வேறொரு பாடம் உண்டு. 2019இல் திறக்கப்பட்ட அகலமான நடைபாதை வளாகத்தை நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன், சில நாட்கள் வாகனங்களை நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்கள். மக்கள் நடந்து பார்த்துக் கருத்துச் சொல்ல அது உதவியது. ஆனால் அந்த வீதிக்குப் பெயர் வாங்கித் தந்த நடைபாதை வியாபாரிகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். தரையில் கடை போடுகிறவரிடம் பொருள் வாங்குவது போகிற வழியில் நிற்கிறவர். அதற்காக மாடி ஏறி வருகிறவர்கள் குறைவு. சோதனை ஓட்டம் நல்ல முறை. அதில் தரைக்கடைக்காரரும் இருந்தால்தான் அது முழுமையாகும்.

மாணவர்கள் கையில் ஒரு வேலை

இதில் கல்லூரி மாணவர்கள் பெரிய உதவி செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சந்தை நாளில் காலையும் மாலையும் கடைவீதியில் நடந்து, எந்த இடத்தில் யார், எத்தனை ஆண்டுகளாக, என்ன விற்கிறார்கள் என்று எழுதுங்கள். பழைய தரைக்கடைச் சுங்க ரசீதுகளைப் பெரியவர்கள் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார்கள். படம் எடுத்து வையுங்கள். அவர் அங்கேதான் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகராட்சியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நகர விற்பனைக் குழுவின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் யார்? அவர்களில் பட்டியல் சாதியினர், பெண்கள் எத்தனை பேர்? குழுவின் கூட்டக் குறிப்புகளில் புதிய வளாகம் பற்றிப் பேசப்பட்டதா? 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட வார்டுகளில் வென்ற உறுப்பினர்களிடமும் இதே கேள்விகளைக் கொண்டுபோங்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் இடஒதுக்கீட்டால் நாம் பெற்றது.

என்ன கேட்பது என்பதற்கும் பட்டியல் நம்மிடமே உண்டு. பேருந்து ஏறும் இடத்துக்கு அருகிலேயே தரைக்கடைக்கு நிழல். பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை. தூய்மைப் பணியாளருக்கு ஓய்வறை. மாட்டிறைச்சிக் கடைக்கும் மற்ற இறைச்சிக் கடைகளோடு ஒரே வரிசையில் இடம். செருப்பு தைப்பவருக்கு மழைக்கு ஒதுங்க ஒரு சிறு கூரை. கோடிகளில் போடப்படும் திட்டத்தில் இவை பெரிய செலவல்ல.

கிளம்பும்போது பெரியவரிடம் கணக்கெடுப்பு பற்றியும் அடையாள அட்டை பற்றியும் சொன்னோம். கேட்டுக்கொண்டே ஒரு பிள்ளையின் பள்ளிச் செருப்பைத் தைத்து முடித்தார். பிறகு பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த சுங்க ரசீதுகளை எடுத்து நம்மிடம் நீட்டினார். எல்லாம் அந்த வேப்பமரத்தடிக்குக் கட்டியவை. அடுத்த வாரம் அவற்றோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறார். உடன் செல்ல, அவர் தெருவில் படித்த பிள்ளைகள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.