மரங்கள் சாய்ந்த தலைநகரில் மழைநீருக்கு வழியில்லை

புது தில்லி: தலைநகர் தில்லியில் 2024 ஜூன் 28-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 228.1 மி.மீ. மழை பதிவானது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இத்தனை மழை பெய்தது 1936-க்குப் பிறகு அதுவே முதல் முறை. சாலைகளும் சுரங்கப்பாதைகளும் நீரில் மூழ்கின, அமைச்சர்களும் எம்.பி.க்களும் வசிக்கும் பகுதிகள்கூடத் தப்பவில்லை. அதே வாரத்தில்தான், தெற்கு தில்லியின் ரிட்ஜ் வனப்பகுதியில் ஏறத்தாழ 1,100 மரங்கள் யாருடைய உத்தரவின்பேரில் வெட்டப்பட்டன என்று உச்ச நீதிமன்றம் அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டும் வெவ்வேறு செய்திகளாகவே வெளியாயின. ஆனால் மரங்களைக் காக்கப் போராடிவரும் தில்லிவாசிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது, இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைத்தான். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியான ரிட்ஜ், சுமார் 7,777 ஹெக்டேர் பரப்புள்ளது. அதன் பாறை வெடிப்புகள் வழியே மழைநீர் நிலத்தடிக்கு இறங்குகிறது; எஞ்சியது ஓடைகளாகி யமுனையை நோக்கிச் செல்கிறது. புது தில்லியின் பெரும்பகுதிக்கும் தெற்கு தில்லிக்கும் வடிகாலாக உள்ள பாராபுல்லா கால்வாயும், அதில் கலக்கும் குஷக் நாலாவும் இவ்வாறு உருவானவையே. குஷக் நாலாவின் ஒரு பகுதி மூடப்பட்டு, அதன்மீது பேருந்துப் பணிமனை அமைக்கப்பட்டுவிட்டது. 1976-இல் தயாரிக்கப்பட்ட வடிகால் பெருந்திட்டத்தை வைத்தே இந்நகரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டைக் கடத்தியது.

வடிகாலுக்குள் நீர் வருவதற்கு முன்பே அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வது மண்ணும் மரமும்தான். சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் போன்ற மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளில் தாழ்வான வீடுகளைச் சுற்றிப் புல்வெளியும், வேம்பும் நாவலும் அரசமும் இருந்தன. இக்குடியிருப்புகள் ஏழை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்துக்கு 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 12,970 பழைய வீடுகளுக்குப் பதிலாக 25,667 வீடுகள், மதிப்பீடு ரூ. 32,835 கோடி. இதற்காக 14,000-க்கும் அதிகமான மரங்கள் வெட்டப்படவிருப்பது 2018-இல் வெளியே தெரிந்ததும் மக்கள் வீதிக்கு வந்தனர். உத்தரகண்ட் மலைப் பெண்களின் சிப்கோ இயக்கத்தை நினைவூட்டும் வகையில் சரோஜினி நகரில் மரங்களைக் கட்டியணைத்து நின்றனர்.

அரசுத் தரப்பில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. வீடுகள் பழுதடைந்திருந்தன, குடியிருப்புக்காகக் காத்திருக்கும் ஊழியர்களின் பட்டியலும் நீளமானது. ஆயினும் நௌரோஜி நகரில் எழுந்தது ஊழியர் குடியிருப்பன்று, வணிக வளாகம். அதன் தளங்களை விற்றே திட்டச் செலவுக்குப் பணம் திரட்டுவது என்பது ஏற்பாடு. ஊழியர் நலனுக்காக மரங்களை இழக்கிறோம் என்ற வாதம் இங்கு எடுபடவில்லை.

மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில், இவ்வளவு மரங்களை இழக்கத் தில்லியால் இயலுமா என்று 2018 ஜூன் 25-இல் தில்லி உயர் நீதிமன்றம் வினவியது; மரம் வெட்டும் பணி நின்றது. கட்டட வரைபடங்கள் மாற்றப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் நௌரோஜி நகர் மரங்கள் அதற்கு முன்பே சாய்க்கப்பட்டுவிட்டன.

வெட்டிய மரத்துக்கு ஈடாகப் பல கன்றுகள் நடுகிறோம் என்பதே எப்போதும் அதிகாரிகளின் பதில். 2018-இல் வெளியான மத்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அந்தப் பதிலின் மதிப்பைக் காட்டியது. 2014-17 காலத்தில் நடப்பட வேண்டியிருந்தவை 65,090; நடப்பட்டவையோ 21,048. மரங்களை வேருடன் பெயர்த்து வேறிடத்தில் நடுவதும் பெரிதாகப் பலனளிக்கவில்லை. அவ்வாறு நடப்பட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்கே பிழைத்தன என்று 2022-இல் வனத்துறையே உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. நட்ட கன்று பிழைத்தாலும், பெரும்பாலும் நகரின் மற்றொரு கோடியில்தான் வளர்கிறது. சரோஜினி நகரில் பெய்யும் மழையை அது தாங்காது.

ரிட்ஜ் விவகாரம் இன்னும் கடுமையானது. மத்திய துணை ராணுவப் படையினருக்கான மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்த, தில்லி வளர்ச்சி ஆணையம் 2024 பிப்ரவரியில் மரங்களை வெட்டியது. ரிட்ஜ் மரங்களைத் தொடுவதற்கு உச்ச நீதிமன்றத்தின் அனுமதி தேவை. வெட்டி முடித்துவிட்ட உண்மையை மறைத்து, அந்த அனுமதியைக் கோரி ஆணையம் விண்ணப்பித்தது. 2024 மார்ச்சில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தில்லிவாசி ஒருவர் தொடுத்த அவமதிப்பு வழக்கில்தான் முழு விவரமும் வெளிவந்தது. 2025 மே 28-இல் நீதிபதிகள் சூர்ய காந்த், என். கோடீஸ்வர் சிங் அமர்வு இதனை நீதிமன்ற அவமதிப்பு என்று கூறி, அதிகாரிகளுக்குத் தலா ரூ. 25,000 விதித்தது. மருத்துவமனையின் பொதுநலனைக் கருதி, தண்டனை அத்துடன் நின்றது. 185 ஏக்கரில் காடு வளர்க்கவும் உத்தரவிட்டது.

அத்தீர்ப்பு வெளியான நான்காம் நாள், 2025 ஜூன் 1-இல், பாராபுல்லா கால்வாயின் கரையில் ஜங்புரா பகுதியிலிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. கால்வாயைத் தூர்வாரவும் வெள்ளத்தைத் தடுக்கவும் குடிசைகளை அகற்ற வேண்டும் என்பது தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர்கள் வாழ்ந்த இடம் அது. வீட்டு வேலை செய்தும் கூலி வேலைக்குச் சென்றும் பிழைத்தவர்கள். சுமார் 370 வீடுகளில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றதாகத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டவை 189 மட்டுமே. கால்வாயில் குடிசைகள் இடையூறாக இருந்தன என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே கால்வாயின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், மண் தரையை மூடிக் கான்கிரீட் தளம் போட்டவர்கள் எவரும் ஓடிவரும் வெள்ளத்துக்குப் பொறுப்பேற்கும்படி கேட்கப்படவில்லை.

2025 செப்டம்பரில் தில்லிக்குப் புதிய வடிகால் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. செலவு சுமார் ரூ. 57,000 கோடி, காலவரையறை 30 ஆண்டுகள். மதராசி கேம்ப்பில் மாற்று வீடு பெற்ற குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்ட நரேலா, நகரின் வடகோடியில் இருக்கிறது. வேலைக்குச் செல்லும் வீடுகளும், பிள்ளைகள் தமிழ் படித்த பள்ளியும் தெற்கு தில்லிப் பக்கத்திலேயே உள்ளன.